பிங்கர்போர்டு மரம்: இயற்கைக் கறுப்பா, சாயக் கறுப்பா?

ஐப்பசியில் வழவழவென்றிருந்த கிட்டார் நெக் (கையில் பிடிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி), சித்திரை வந்ததும் உள்ளங்கையைக் கீறும். தர்மபுரி, கிருஷ்ணகிரி வெயிலில் மரம் அகலவாக்கில் சுருங்குகிறது, பிரெட் கம்பி (குறுக்கே பதித்த உலோகக் கம்பி) சுருங்குவதில்லை, அதனால் கம்பியின் நுனி இரண்டு ஓரத்திலும் வெளியே நீட்டிக்கொள்கிறது. சாயம் போட்டாலும் போடாவிட்டாலும் இது நடக்கும். ஆகவே பிங்கர்போர்டு, அதாவது நெக்கின் மேல் ஒட்டி விரல் அழுத்தும் பலகை, எவ்வளவு கறுப்பு என்று பார்ப்பதற்கு முன்னால் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

52 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம், 9 மி.மீ. தடிமன் உள்ள பலகையை வாங்கி வெயிலில் வைக்காமல், அறைக்குள் குச்சிகள் மேல் காற்றோட்டமாக அடுக்குங்கள். வாரம் ஒருமுறை ஒரு கிராம் வரை காட்டும் தராசில் எடை போட்டு, பலகை மேலேயே பென்சிலால் எழுதி வையுங்கள். தொடர்ந்து மூன்று வாரம் எடை மாறாவிட்டால் அது உங்கள் ஊர்க் காற்றோடு ஒத்துப்போய்விட்டது. இந்த வேலைக்குப் பங்குனி, சித்திரைதான் சரியான காலம். ஈரமான மாதத்தில் அறுத்து ஒட்டியது கோடையில் கட்டாயம் வேலை வைக்கும்.

அதே எடை மரத்தையும் ஓரளவு காட்டிக்கொடுக்கும். மேலே சொன்ன அளவில் ஈட்டி (ரோஸ்வுட்) பலகை சுமார் 270 கிராம் இருக்கும். எபோனி என்னும் இயற்கைக் கறுப்பு மரம் 300-ஐத் தாண்டும். சாயம் போட்ட மேப்பிள் என்னும் வெளிறிய மரம் 230 பக்கம் நிற்கும். கன்னங்கரேலென்று இருந்து கையில் லேசாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

சாயமா என்று அறிய முதலில் ஈரத் துணி. பலகையின் அடிப்பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பத்து முறை தேயுங்கள். கறுப்பு ஏறினால் விரல் வியர்வையிலும் ஏறும், அந்தப் பலகை வேண்டாம். அடுத்தது ஸ்பிரிட். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அசல் ஈட்டியும் ஸ்பிரிட்டில் நிறம் விடும். அந்த நிறம் செம்பழுப்பாகவோ ஊதா கலந்தோ இருக்கும். மையைப் போல நீலக்கறுப்பாக இறங்கினால் அது சாயம். இரண்டிலும் தெளிவு வரவில்லையா? ஓரத்தில் பிளேடால் அரை மில்லிமீட்டர் சீவுங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் மேல்பூச்சு. உள்ளேயும் அதே கறுப்பு, ஆனால் ஒரு பழுப்புக் கோடுகூட இல்லை என்றால், அழுத்தத்தில் சாயம் ஏற்றிய மரமாக இருக்கலாம். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகவே உழைக்கும்.

பெயரிலும் கவனம் வேண்டும். 'கருங்காலி' என்று கேட்டால் கடைக்குக் கடை வேறு மரம் வரும். எபோனி குடும்பத்தைச் சேர்ந்தது ஒன்று, வேல மர இனத்தைச் சேர்ந்த செம்பழுப்பு மரம் இன்னொன்று. வெளிநாட்டுக் கிட்டார் விவரத்தில் 'இந்தியன் லாரல்' என்று போட்டிருப்பது நம் கருமருதுதான். ஈட்டி இனம் முழுவதும் 2017 ஜனவரியில் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரின வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்தபிறகுதான் பல தொழிற்சாலைகள் கருமருது பக்கம் போயின. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஈட்டியைப் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

எங்கள் தேர்வு ஈட்டி. பச்சையிலிருந்து முழுக்கக் காய்வதற்குள் ஆப்பிரிக்க எபோனி சுருங்குகிற அளவில் ஏறக்குறைய பாதிதான் ஈட்டி சுருங்கும். இந்த மாவட்டங்களின் வெயிலுக்கு அந்த வித்தியாசம் பெரிது. கிழட்டுப் புளியமரத்தின் வைரம் (கெட்டியான நடுப்பகுதி) கிடைத்தால் அதையும் விடவேண்டாம். ஊதா கலந்த கரும்பழுப்பு, இரும்பு மாதிரி கடினம். ஆனால் மரத்தின் பெரும்பகுதி வெளிர்மஞ்சள்தான், அது பூச்சிக்குத் தீனி. அறுவை மில்லில் நின்று வைரத்தை மட்டும் பிரித்து வாங்குங்கள்.

வெளிறிய கெட்டி மரம்தான் கையில் இருக்கிறது, கறுப்பாக்க வேண்டும் என்றால் கடுக்காய் போதும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிக் கொட்டை நீக்கி, 50 கிராம் தோலை இடித்து அரை லிட்டர் வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டுங்கள். தனிப் பாட்டிலில் அரை லிட்டர் வெள்ளை வினிகரில் 10 கிராம் ஸ்டீல் ஊல் (மெல்லிய இரும்பு நார்) போட்டு ஒரு வாரம் விடுங்கள். வாயு வெளியேற வேண்டும், மூடியை இறுக்காதீர்கள். பாத்திரம் தேய்க்கும் பளபள நார் துருப்பிடிக்காத எஃகு, அது கரையவே கரையாது. ஹார்டுவேர் கடை ஸ்டீல் ஊலையும் முதலில் சோப்பு போட்டு எண்ணெய் போகக் கழுவவேண்டும்.

வரிசை முக்கியம். இந்தக் கறுப்பு நகத் தடிமன்கூட உள்ளே இறங்காது. அளவுக்கு அறுத்த 57 மி.மீ. அகலப் பலகைக்கு 12 அங்குல வளைவு (12 அங்குல ஆரமுள்ள வட்டத்தின் வளைவு) கொடுக்கும்போது ஓரங்களில் 1.3 மி.மீ. தேய்ந்துபோகும். ஆகவே வளைவு தேய்ப்பதும் பிரெட் பள்ளம் அறுப்பதும் முதலில், சாயம் பிறகு. தண்ணீர் தொட்டு மரத்தின் நார் எழுப்பி, காய்ந்ததும் 400 உப்புத்தாளால் தேயுங்கள். கடுக்காய்த் தண்ணீர் ஒரு கை பூசிக் காயவிட்டு, மேலே இரும்புக் கரைசலைப் பூசினால் சில நிமிடங்களில் கறுக்கும். இதை இரண்டு தடவை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் அடிப்பக்கத்தை வெறும் தண்ணீரால் நனையுங்கள், இல்லாவிட்டால் பலகை ஓடு மாதிரி வளைந்துவிடும். பள்ளங்களில் கரைசல் தேங்கினால் மரம் ஊதி, கம்பி உட்காராது. காய்ந்தபின் ரம்பத்தை ஒருமுறை பள்ளத்தில் ஓட்டிவிடுங்கள்.

பிரெட் மாற்றும்போது பலகையைச் சமப்படுத்த மேல்பரப்பைத் தேய்த்தே ஆகவேண்டும், அப்போது இந்தச் சாயம் போய் வெள்ளை திட்டுத்திட்டாகத் தெரியும். தினமும் பல மணி நேரம் வாசிப்பவருக்கு இதைச் செய்துகொடுக்காதீர்கள்.

கடைசியில் லின்சீட் எண்ணெய் மெல்லிய பூச்சு, பத்து நிமிடத்தில் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் காயாமல் தூசியைப் பிடித்துவைக்கும். லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயப்போட்டபின் குப்பையில் சேருங்கள்.