சேலத்து ஏரிக்கரையில் சில விடியற்காலைகள்: ஊருக்கு வருபவர்களுக்கு நீர்ப்பறவை வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும் மூன்று வாரத்தில் இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, குலதெய்வம் கோயில், துணிக்கடை என்று நாட்கள் ஓடிவிடும். பறவை பார்க்க எங்கே நேரம் என்று கேட்பீர்கள். வீட்டில் காபி போடுவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் இருக்கிறதே, அது போதும். அதற்காக வேடந்தாங்கலுக்குக் கார் பிடிக்கவும் வேண்டாம். சேலத்தில் பெரியம்மா வீடோ மாமா வீடோ இருந்தால், பக்கத்திலேயே ஓர் ஏரி இருக்கும்.

பத்து இடம் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். ஒரே ஏரியைத் தேர்ந்தெடுத்து, ஒரே இடத்தில், நான்கைந்து காலைப்பொழுது உட்காருங்கள். முதல் நாள் தூரத்தில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தவை மூன்றாம் நாள் உங்களைப் பொருட்படுத்தாமல் கரையோரம் மேய வந்துவிடும். எந்த மரக்கிளையில் நீர்க்காகம் இறக்கை விரிக்கும், எந்த மதகோரத்தில் மடையான் நிற்கும் என்று உங்களுக்கும் பிடிபட்டுவிடும். நல்ல படம் கிடைப்பது அப்போதுதான். என் படங்களில் நான் பெரிதாக அச்சிட்டு மாட்டியிருப்பவை எல்லாம் ஒரே கரையில், மூன்றாவது நாளுக்கு மேல் கிடைத்தவை.

மூக்கனேரி

முதலில் போக வேண்டிய இடம் கன்னங்குறிச்சி மூக்கனேரி. ஏற்காடு மலை அடிவாரத்தில், ஏறக்குறைய 58 ஏக்கர். சேர்வராயன் மலைச்சரிவில் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கி இங்கே சேர்கிறது. பழைய பேருந்து நிலையத்திலிருந்து கன்னங்குறிச்சிக்கு டவுன் பஸ் உண்டு. அஸ்தம்பட்டிப் பக்கம் தங்கியிருந்தால் ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம்.

இருபது ஆண்டுகளுக்கு முன் ஊரை விட்டுப் போனவர்களுக்கு இந்த ஏரி சாக்கடையும் குப்பையுமாகத்தான் நினைவிருக்கும். 2010-இல் ஊர்க்காரர்கள் கூடி இதைத் தூர்வார ஆரம்பித்தார்கள். எடுத்த வண்டல் மண்ணை வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல், ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரக்கன்றுகள் நட்டார்கள். அந்தத் திட்டுகள்தான் இன்று பறவைகளின் குடியிருப்பு. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாயும் பூனையும் அங்கே எளிதில் போக முடியாது. மாலையில் கொக்குகள் கூட்டம் கூட்டமாக அந்த மரங்களில் வந்து அடைவதைப் பார்க்கும்போது, மண்ணைச் சுமந்தவர்களை எண்ணி எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் இந்தக் கதையையும் சொல்லுங்கள். அவர்கள் பார்க்கும் பறவைகளுக்கு அந்த உழைப்புதான் இடம் கொடுத்திருக்கிறது.

சரி, என்னென்ன தெரியும்? கரையோரத்தில் கண்ணில் படுவது மடையான். புல்லின் நிறத்தில் குறுகி உட்கார்ந்திருக்கும், கிட்டப் போனதும் வெள்ளை இறக்கை விரித்துப் பறக்கும். குளத்துக்கொக்கு என்று எழுதுவதும் இதைத்தான். நடுத்தண்ணீரில் நாமக்கோழி: உடம்பு முழுக்கக் கறுப்பு, நெற்றியில் வெள்ளை நாமம், அதனால்தான் அந்தப் பெயர். அதைப் போலவே இருந்து நெற்றியில் சிவப்பு இருந்தால் தாழைக்கோழி. ஆகாயத்தாமரைக்கும் கோரைக்கும் நடுவே நீலமும் ஊதாவுமாக மினுங்குவது நீலத்தாழைக்கோழி. கைப்பிடி அளவில் மிதந்துகொண்டிருந்து, கேமராவைத் தூக்கியதும் முங்கி வேறெங்கோ எழுவது முக்குளிப்பான். அதைப் படமெடுக்க ஓடாதீர்கள். முங்கிய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள், எழும்போது கிடைக்கும்.

நீர்க்காகத்தையும் பாம்புத்தாராவையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. நீர்க்காகத்தின் அலகு நுனியில் கொக்கிபோல வளைந்திருக்கும். பாம்புத்தாராவின் அலகு ஈட்டிபோல நேராக இருக்கும், அதனால் மீனைக் குத்திப் பிடிக்கும். உடம்பை நீருக்குள் வைத்துக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும்போது அசல் பாம்பேதான். இரண்டின் இறகுகளும் நனைந்துவிடும் என்பதால் வெயிலில் இறக்கையை விரித்துக் காய வைக்கும். புதிதாகப் படமெடுக்கத் தொடங்குபவர்களுக்கு இவைதான் நல்ல பாடம், அத்தனை நேரம் அசையாமல் நிற்கும்.

புள்ளிமூக்கு வாத்து ஆண்டு முழுக்க இருக்கும் நம்மூர் வாத்து. கறுத்த அலகின் நுனியில் மஞ்சள் பூசியதுபோல இருக்கும். நத்தைகுத்தி நாரையின் அலகை மூடினாலும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். நத்தையின் சதையை உருவித் தின்பதற்கு ஏற்ற அலகு அது. குளிர்காலத்தில் இவற்றோடு வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் கிளுவையும் மீசை ஆலாவும் சேரலாம். எத்தனை வரும் என்பது அந்த ஆண்டு மழையைப் பொறுத்தது. ஏரி நிறைந்திருந்தால் வாத்துகளும் நாமக்கோழிகளும் அதிகம். தண்ணீர் வற்றிச் சேறு தெரிய ஆரம்பித்தால் உள்ளான்களும் நெடுங்கால் உள்ளான்களும் அதில் மேய இறங்கும். ஆகவே "தண்ணியே இல்லீங்க, அங்க போய் என்ன பாக்கப் போறீங்க" என்று வீட்டில் சொன்னாலும் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

எந்த மாதம் வருகிறீர்கள்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வருபவர்களுக்கு வலசைப் பறவைகள் கிடைக்கும். பொங்கலுக்கு வந்தால் இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். ஏதாவது ஓரிடத்தில் கால் மணி நேரமாவது நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி, பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். மாமா வீட்டு மொட்டை மாடியில் நின்றும் செய்யலாம்.

கனடா, ஐரோப்பாவிலிருந்து வருபவர்களுக்குப் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். வலசைக் காலம் இல்லையே என்று வருந்த வேண்டாம், அது நம்மூர்ப் பறவைகள் குடும்பம் நடத்தும் காலம். மடையானின் முதுகு செம்மண் நிறத்துக்கு மாறியிருக்கும். உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் பொன்னிறமாகும். இலைகள் மிதக்கும் குளம் இருந்தால் நீளவால் இலைக்கோழியைத் தேடுங்கள். நீண்டு வளைந்த அந்த வாலை இனப்பெருக்கக் காலத்தில்தான் பார்க்க முடியும். முட்டையை அடைகாப்பதும் குஞ்சுகளைப் பார்த்துக்கொள்வதும் ஆண்தான். இதைச் சொன்னதும் என் சித்தி தொலைநோக்கியைப் பிடுங்கிக்கொண்டு வெகுநேரம் திருப்பித் தரவில்லை.

மேட்டூர், பூலாம்பட்டி, ஏற்காடு

ஒரு முழு நாள் ஒதுக்க முடிந்தால் காவிரிப் பக்கம் போங்கள். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது, முழுக் கொள்ளளவு நீர்மட்டம் 120 அடி. அணையின் மேலே கேமராவை வெளியே எடுக்க வேண்டாம், காவலர்கள் சொல்வதை மதியுங்கள். பறவைக்கு அணையைவிட நீர்த்தேக்கத்தின் ஓரம்தான் நல்லது. பண்ணவாடிப் பரிசல் துறைப் பக்கம் நீர் குறையும்போது, மூழ்கிய பழைய கோயிலின் நந்தி சிலையும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். அந்த அகன்ற நீர்ப்பரப்பின் மேல் ஆற்று ஆலா பறப்பதைக் கவனியுங்கள். மஞ்சள் அலகு, கறுப்புத் தொப்பி, பிளவுபட்ட வால். தண்ணீரைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்தபடி பறந்து, சட்டென்று விழும். வறுத்த மீன் வாசனை வந்தால் பசியாறிவிட்டுக் கிளம்புங்கள்.

பூலாம்பட்டியில் காவிரியின் குறுக்கே நெருஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு போகிறது. சேலம் மாவட்டத்தில் ஏறி ஈரோடு மாவட்டத்தில் இறங்கலாம். தாத்தா, பாட்டியோடு போவதற்கு இதைவிட நிதானமான பயணம் இல்லை. இருகரையிலும் வயல்கள் உண்டு. உழவு நடக்கும்போது வந்தால், ஏர் கிளறிய சேற்றில் கொக்குகள் பின்தொடரும் காட்சி கிடைக்கும்.

பனமரத்துப்பட்டி ஏரி 1911-இல் சேலத்தின் குடிநீருக்காகக் கட்டப்பட்டது. பல ஆண்டுகளாகத் தண்ணீரைவிடச் சீமைக்கருவேலம்தான் அதிகம். தண்ணீர் இருக்கிறதா என்று அந்தப் பக்கத்து ஆட்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

ஏற்காட்டில் நீர்ப்பறவைக்காகப் படகு இல்லத்துக்குப் போனால் ஏமாற்றமே. ஆள் கூட்டமும் படகுச் சத்தமும் அதிகம். மே மாதக் கோடை விழா சமயத்தில் சொல்லவே வேண்டாம். குளிர்காலத்தில் போனால் மலையோடைகளின் பாறை மேல் வாலை ஆட்டிக்கொண்டே ஓடும் ஒரு சின்னப் பறவையைத் தேடுங்கள். முதுகு சாம்பல், வயிற்றுக்கடியில் மஞ்சள். இமயமலைக்கும் அதற்கு அப்பாலும் கூடுகட்டும் வாலாட்டி அது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப்போய் அந்த ஒரு பறவையைப் பார்த்துத் திரும்பினாலும் எனக்கு நிறைவுதான். காப்பித் தோட்டங்கள் தனியார் நிலம், காட்டுப்பகுதி வனத்துறைக்கு உட்பட்டது. இரண்டிலும் கேட்காமல் நுழையாதீர்கள்.

கேமரா, கருவி

டிரோன் கொண்டுவராதீர்கள். 2022 முதல் வெளிநாட்டு டிரோன்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை உள்ளது, விமான நிலையத்திலேயே சிக்கல் வரும். பறவைகளுக்கும் அது பெரிய தொந்தரவு. கேமராவின் உதிரி பேட்டரிகளைக் கைப்பையில் வையுங்கள். 8x42 தொலைநோக்கி (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது) ஒன்று அவசியம். கேமரா இல்லாமல்கூட வரலாம், தொலைநோக்கி இல்லாமல் வராதீர்கள். லென்ஸ் 300, 400 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, நீள ஜூம் உள்ள சிறிய கேமராவும் போதும். பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் இந்தியப் பறவைகள் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள்.

முக்காலியைத் தூக்கிவர வேண்டாம். வெறும் துணிப்பை ஒன்று கொண்டுவாருங்கள், வந்ததும் அதில் இரண்டு கிலோ அரிசியை நிரப்பி வாயைத் தைத்துவிடுங்கள். கார் ஜன்னல் மேலும் மதகுச் சுவர் மேலும் லென்ஸைத் தாங்க அதைவிடச் சிறந்தது இல்லை. திரும்பும்போது அரிசியைப் பெரியம்மாவிடமே கொடுத்துவிடலாம்.

கொக்கு வெள்ளை, நீர்க்காகம் கறுப்பு. கேமரா பறவையை மட்டும் பார்க்காது, சுற்றியிருப்பதையும் சேர்த்தே வெளிச்சத்தைக் கணக்கிடும். இருண்ட நீர்ப்பின்னணியில் நிற்கும் கொக்குக்கு வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் படி குறையுங்கள், இல்லையென்றால் இறகுகள் வெளுத்துப்போகும். வெளிச்சமான பின்னணியில் இருக்கும் நீர்க்காகத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/1600 நொடியோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஜனவரியில் இங்கே சூரியன் ஆறே முக்கால் வாக்கில்தான் எழும், அதற்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுங்கள். எட்டரை மணிக்கு மேல் வெளிச்சம் கடுமையாகிவிடும். சிங்கப்பூர், ஆஸ்திரேலியாவிலிருந்து வருபவர்களுக்கு முதல் சில நாள் விடியும் முன்பே தானாக விழிப்பு வரும், அதை வீணாக்காதீர்கள். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். இரவே பையை ஏசி இல்லாத அறையில் வைத்துவிடுங்கள்.

முடிந்தவரை கீழே உட்காருங்கள். நின்றுகொண்டு எடுத்தால் பறவையின் முதுகுதான் வரும், உட்கார்ந்து எடுத்தால் கண் வரும். ஷூ போட்டுக்கொள்ளுங்கள், கரையில் பாம்பு இருக்கும். சேற்றில் இறங்கவே வேண்டாம், மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கால் புதையும்.

கரையில் நடந்துகொள்வது

ஒரு கோடையில், வற்றிய ஏரிப் பக்கம் ஆள்காட்டிப் பறவை ஒன்று என் தலைக்கு மேல் கத்திக்கொண்டே வட்டமிட்டது. நல்ல படம் கிடைக்கிறதே என்று நான் அங்கேயே நின்றேன். அதன் முட்டைகள் திறந்த தரையில் கூழாங்கல் போலக் கிடந்ததை வெகுநேரம் கழித்துத்தான் பார்த்தேன். அந்த வெயிலில் அத்தனை நேரம் அதைக் கூட்டுக்கு வரவிடாமல் செய்துவிட்டேன். அந்தப் படங்களை நான் யாருக்கும் காட்டியதில்லை. பறவை கத்தினால், இறக்கையை இழுத்துக்கொண்டு நொண்டினால், உடனே வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

மீன் பிடிப்பவர்களிடம் முதலில் பேசுங்கள். "அண்ணே, இன்னைக்கு எந்தப் பக்கம் நாரை மேயுது?" என்று கேட்டால் போதும். அவர்கள் நாள்தோறும் தண்ணீரைப் பார்ப்பவர்கள், செயலியைவிட நன்றாகச் சொல்வார்கள். அவர்கள் முகத்தைப் படமெடுப்பதானால் கேட்டுவிட்டு எடுங்கள்.

எங்காவது விருந்தில் கொக்குக்கறி, உள்ளான்கறி என்று பாசத்தோடு சொல்வார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நாசூக்காக, ஆனால் உறுதியாக, "எனக்கு வேண்டாம் மாமா, நாட்டுக்கோழி போதும்" என்று சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் காலையில் அதே மாமாவைக் கரைக்குக் கூட்டிப்போய்த் தொலைநோக்கியைக் கையில் கொடுங்கள். வரும் வழியில் தட்டுவடை செட் கடை திறந்திருக்குமா என்று அவரையே கேளுங்கள்.