ஒரே தொட்டியில் இரண்டு வேட்டை மீன்: அடிபடாமல் வளர்ப்பது எப்படி?

ஒஸ்கார், பிளவர்ஹோர்ன், அரோவானா என்று ஆசைப்பட்டு வாங்கி, தொட்டியில் விட்ட கையோடு "அண்ணா, இரண்டும் அடிபடுது, என்ன செய்ய?" என்று கேட்கிற தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன்.

முதலில் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். உங்கள் மீன் மற்றதைத் தின்னப் பார்க்கிறதா, விரட்டப் பார்க்கிறதா? தின்ன வருகிற மீன் சத்தமில்லாமல் வரும், செட்டையை விரிக்காது, செவுளை ஊதாது, வாயைத் திறந்தால் ஒரே விழுங்கல்தான். விரட்ட வருகிற மீன் ஆர்ப்பாட்டம் பண்ணும்: நிறம் கறுக்கும், செவுள் மூடி விரியும், உடம்பைப் பக்கவாட்டாகக் காட்டி வாலால் தண்ணீரை அடிக்கும், அதற்கும் மற்றது போகாவிட்டால்தான் கடி. முதலாவதற்கு ஒரே மருந்து, வாய்க்குள் போகிற அளவு மீனை அதோடு சேர்த்து விடாமல் இருப்பது. இரண்டாவது இடத்துக்கான சண்டை, அதனால் வயிறு நிறையச் சாப்பாடு போட்டாலும் நிற்காது.

டின்பர்கன் என்ற டச்சு விஞ்ஞானி (1973 இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர்) ஸ்டிக்கில்பேக் என்ற சிறிய மீனை வைத்து இதை அழகாகக் காட்டினார். ஒரே தொட்டியில் ஆளுக்கொரு மூலையில் கூடு கட்டியிருந்த இரண்டு ஆண் மீன்களைத் தனித்தனிக் கண்ணாடிக் குழாயில் போட்டு, இரண்டு குழாயையும் ஒருவனுடைய மூலைக்குக் கொண்டுபோனால் வீட்டுக்காரன் பாய்கிறான், மற்றவன் தப்பி ஓடப் பார்க்கிறான். அப்படியே மறுமூலைக்குக் கொண்டுபோனால் ஓடினவன் பாய்கிறான். தன் ஊருக்கு யானை, அயலூருக்குப் பூனை. கீழே சொல்லப்போகிற வேலை எல்லாம் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்: மீனின் குணத்தை மாற்ற முடியாது, அது தன்னுடையது என்று நினைக்கிற இடத்தை மாற்றலாம்.

படி 1: மீனைத் தெரிவு செய்வது

கடையில் இரண்டு அங்குலமாக நிற்கிற ஒஸ்கார் நன்றாகச் சாப்பிட்டால் ஒரு வருடத்துக்குள் ஒரு சாண் வரும், முழுதாக வளர்ந்தால் ஒரு அடி. வெள்ளி அரோவானா மூன்று அடி வரைக்கும் போகிற சாதி, அதைச் சின்ன வீட்டில் வளர்க்காதீர்கள் என்பேன், அவ்வளவுதான். பிளவர்ஹோர்னைத் தனியாக விடுங்கள். அது 1990களில் மலேசியாவில் கலப்பு செய்து உருவாக்கிய மீன், தலையில் புடைப்போடு கோபத்தையும் சேர்த்தே வளர்த்துவிட்டார்கள் போல. தொடங்குகிறவர்கள் ஒரே அளவில், ஒரே நாளில் வாங்கிய இரண்டு ஒஸ்கார் குஞ்சுகளோடு தொடங்கலாம். வாங்கும்போதே, ஒத்துவராவிட்டால் திருப்பி எடுப்பீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டுவையுங்கள். "சரி, இரணைமடுக் குளத்தில விட்டுடலாம்" என்ற பேச்சே வேண்டாம். கிளவுன் நைஃப் மீனும் தொட்டி சுத்தம் செய்ய வாங்குகிற டாங்க் கிளீனர் மீனும் இலங்கையின் நீர்நிலைகளில் பரவினது இப்படித் தொட்டியிலிருந்து வெளியே போய்த்தான்.

படி 2: தொட்டி

இரண்டு ஒஸ்காருக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், கிட்டத்தட்ட 450 லீட்டர். பணம் முட்டினால் உயரத்தைக் குறையுங்கள், நீளத்தையும் அகலத்தையும் குறைக்காதீர்கள், ஏனென்றால் இந்த மீன்கள் எல்லை பிரிக்கிறது தரையைப் பார்த்துத்தான். மூடி கட்டாயம். மழைக்குக் குளத்திலிருந்து விரால் ஏறிப் பாய்கிறதைப் பார்த்தவர்களுக்கு அரோவானா என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

படி 3: தொட்டிக்குள் எல்லை போடுவது

எல்லாரும் அலங்காரம் என்று நினைத்துச் செய்கிற இந்த வேலைதான் சண்டையில் பாதியைத் தீர்க்கும். ஒரு மூலையிலிருந்து பார்த்தால் மறுமூலை தெரியக்கூடாது. நடுவில் பெரிய கருங்கல், ஒரு பக்கம் வாய் உடைந்த மண்பானை, மறுபக்கம் அகலமான பீவீசி குழாய்த் துண்டு என்று வைத்தால் போதும், கடையில் விற்கிற பிளாஸ்டிக் கோட்டை தேவையில்லை. கல்லை நேராகத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் வையுங்கள், மணலுக்கு மேலே வைத்தால் ஒஸ்கார் தோண்டிச் சரித்துவிடும். மீனுக்கு ஒரு ஒளிப்பிடம் என்று கணக்குப் பார்க்காமல் ஒன்று அதிகமாகவே வையுங்கள், எல்லா ஒளிப்பிடத்துக்கும் இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரே வாசல் என்றால் பலசாலி அதை மறித்துக்கொண்டு நிற்பான்.

படி 4: தண்ணீரும் வெக்கையும்

வன்னியில் சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தாண்டுவது சாதாரணம். 25 பாகையில் ஒரு லீட்டர் தண்ணீர் சுமார் 8.3 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடிக்கும், 30 இல் 7.6 தான். அதே நேரம் சூட்டில் மீனின் உடம்பு வேகமாக வேலை செய்யும், பசியும் விறுவிறுப்பும் கூடும், சண்டையும் கூடும். அதனால் தகரக் கூரைக்குக் கீழே தொட்டி வேண்டாம். கரண்ட் போனால் ஓடுகிற மாதிரி ஒரு பற்றரி எயார் பம்ப் வாங்கி வையுங்கள். கிழமைக்கு ஒருதரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். பைப் தண்ணீர் என்றால் ஒரு நாள் வாளியில் வைத்து, குளோரின் போனபிறகு ஊற்றுங்கள்.

படி 5: புது மீனை விடுவது

பழையவன் இருக்கிற தொட்டியில் புதியவனை அப்படியே ஊற்றினால் அடி நிச்சயம். முதலில் பழையவனை வெளியே எடுங்கள், கல், பானை எல்லாவற்றையும் இடம் மாற்றுங்கள், அப்புறம் லைட்டை அணைத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக விடுங்கள். இப்போது அது யாருடைய ஊரும் இல்லை. இதற்கும் அடங்காவிட்டால், துளை உள்ள பிளாஸ்டிக் தகட்டால் நடுவில் ஒரு தடுப்புத் தட்டி வைத்து, ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு ஒரு கிழமை இருக்கட்டும். பக்கத்துவீட்டுக்காரனைப் பார்த்துப் பழகின மீன் தட்டியை எடுத்தபிறகு குறைவாகவே சீறும். சாப்பாட்டை எப்போதும் இரண்டு முனையிலும் ஒரே நேரத்தில் போடுங்கள். நந்திக்கடல் சின்ன இறால் கிடைத்தால் ஓட்டை உரித்துப் போடலாம். தங்கமீன் குஞ்சைத் தீனியாகப் போடாதீர்கள், நோய் வரும், அதோடு அதில் இருக்கிற தயாமினேஸ் உங்கள் மீனின் பி1 விற்றமினை அழிக்கும்.

படி 6: எப்போது கை வைப்பது

சீறுகிறது, விரட்டுகிறது, நிற்கிறது என்றால் விடுங்கள், முதல் சில நாள் அப்படித்தான். வாயோடு வாய் கவ்வுவதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், ஒஸ்கார் சோடி சேருகிறபோதும் அப்படிச் செய்யும்; அதற்குப் பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு தட்டைக் கல்லை வாயால் துடைத்தால் முட்டை வரப்போகிறது, மற்ற மீன்கள் இருந்தால் உடனே வெளியே எடுங்கள். குஞ்சோடு நிற்கிற விராலுக்குக் கிட்டப் போவதும் முட்டையோடு நிற்கிற ஒஸ்காருக்குக் கிட்டப் போவதும் ஒன்றுதான்.

ஒன்று செட்டையை ஒடுக்கிக்கொண்டு மேல் மூலையில் தொங்குகிறதா, சாப்பிட வரவில்லையா, செதில் கழன்றிருக்கிறதா? அன்றைக்கே பிரியுங்கள். அடி வாங்கினதை வேறு தொட்டியில் போட்டு, லீட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் ஆனையிறவுக் கல்லுப்பைத் தனியாகக் கரைத்து ஊற்றுங்கள், 100 லீட்டருக்கு 100 கிராம். காயம் ஆறினபிறகு திரும்ப விடுவதென்றால் தட்டியிலிருந்து தொடங்கவேண்டும். தட்டியை எடுத்ததும் மறுபடி அதே கடி என்றால், ஒன்றைக் கடைக்குக் கொடுங்கள், அல்லது இன்னொரு தொட்டிக்குக் காசு சேருங்கள்.