4-3-3 என்று போட்டால் நம்பிவிடாதீர்கள்

கால்பந்து மேட்ச் தொடங்கும் முன் டிவியில் 4-3-3 (பின்னால் நான்கு பேர், நடுவில் மூன்று, முன்னால் மூன்று) என்று ஒரு படம் போடுவார்களே, அதை மட்டும் பார்த்துவிட்டு ஒரு டீம் எப்படி ஆடுகிறது என்று பேசுவது, கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டுச் சாப்பாடு பிரமாதம் என்று சொல்வது மாதிரி. அந்த எண் ஒரு தொடக்கம், அவ்வளவுதான்.

பழகுவதற்கு, முடிவு தெரிந்த மேட்ச்சாக எடுங்கள். பதற்றம் இருந்தால் கண் பந்தை விட்டு நகராது. நான் சிபாரிசு செய்வது 2022 உலகக் கோப்பை ஃபைனல், அர்ஜென்டினா - பிரான்ஸ்.

ஒரு தாளில் இரண்டு மைதானம் வரைந்துகொள்ளுங்கள். ஒன்று பந்து நம்மிடம் இருக்கும்போது, இன்னொன்று இல்லாதபோது. இரண்டாவதை நிரப்ப நல்ல நேரம், எதிரணி கோல்கீப்பர் கையில் பந்து இருக்கும் நேரம்: வீடியோவை நிறுத்தி, யார் எந்த வரிசையில் நிற்கிறார் என்று எண்ணுங்கள். அர்ஜென்டினாவுக்கு இப்படி எண்ணினால் 4-4-2 மாதிரி வரும். முன்னால் மெஸ்ஸியும் அல்வாரெஸும், டி மரியா இறங்கி வந்து நடு வரிசையின் இடது முனையில். பந்து கிடைத்ததும் அதே டி மரியா இடது கோட்டை ஒட்டி நிற்பார், மெஸ்ஸி வலப்பக்கமும் நடுவிலுமாகத் திரிவார். ஒரே பதினொரு பேர், ஆனால் படம் வேறு.

அப்புறம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: இந்த ஆளை ஏன் இங்கே போட்டார்கள்? டி மரியா பெரும்பாலும் வலப்பக்கம் ஆடுபவர், அர்ஜென்டினா கோச் ஸ்கலோனி அன்றைக்கு அவரை இடது பக்கம் இறக்கினார். இதற்குப் பதில் பிரான்ஸ் டீமில் இருக்கிறது. அந்தப் பக்கம் ரைட் பேக்காக (வலது ஓரத் தடுப்பாளர், எதிரணிக்கு அது இடது பக்கம்) நின்ற கூண்டே அடிப்படையில் சென்டர் பேக் (நடுவில் நிற்கும் தடுப்பாளர்), அவருக்கு முன்னால் டெம்பெலே, பந்தோடு ஓடச் சொன்னால் பிய்த்து எடுப்பார், இறங்கி வந்து தடுப்பது அவருக்குக் கைவந்த கலை அல்ல. 20 நிமிடம் தாண்டியதும் டி மரியா டெம்பெலேவைக் கடந்து பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி கட்டம்) போக, டெம்பெலே பின்னாலிருந்து தட்டிவிட, பெனால்டி. 23-வது நிமிடம் மெஸ்ஸி கோல்.

36-வது நிமிடம் டி மரியா அடித்த கோலை மூன்று முறை பாருங்கள், ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு ஆளை மட்டும். முதலில் மெஸ்ஸி: பந்தை வைத்துக்கொண்டிருக்கவே இல்லை, சட்டென்று அல்வாரெஸ் பக்கம் திருப்பிவிடுகிறார். அடுத்து மக் அலிஸ்டர்: இடப்பக்க மிட்ஃபீல்டர், அல்வாரெஸின் பாஸை வாங்க வலப்பக்கக் காலி இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். கடைசியாக டி மரியா. பந்து அந்தப் பக்கம் கிடக்க, இவர் இந்தப் பக்கம் தனியாக ஓடுகிறார், கூட யாருமே இல்லை. நேரலையில் எனக்கு அந்த ஓட்டம் கண்ணிலேயே படவில்லை, பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கே வலிக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சப்ஸ்டிட்யூஷனைப் பாருங்கள், கோச் தானே வாயைத் திறந்து சொன்ன மாதிரி. 41-வது நிமிடத்தில், இடைவேளைக்குக்கூடக் காத்திருக்காமல், பிரான்ஸ் கோச் டெஷாம்ப்ஸ் டெம்பெலேவையும் ஜிரூவையும் வெளியே எடுத்தார்.

ஆனால் ஒரு இடத்தில் பலரும் வழுக்குவார்கள். 64-வது நிமிடம் டி மரியா வெளியே போய் அக்குன்யா வந்தார், 80, 81-வது நிமிடங்களில் பிரான்ஸின் எம்பாப்பே இரண்டு கோல் அடித்தார். உடனே "டி மரியாவை எடுத்ததுதான் தப்பு" என்று எழுதிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முதல் கோலுக்குப் பெனால்டி வாங்கித் தந்தவர் கோலோ முவானி, இரண்டாவதில் மெஸ்ஸியிடமிருந்து பந்தைப் பறித்தவர் கோமான், எம்பாப்பேவுக்கு அதைத் தூக்கிக் கொடுத்தவர் துராம். மூன்று பேருமே பெஞ்சிலிருந்து வந்தவர்கள். ஆக, அர்ஜென்டினா யாரை எடுத்தது என்பதில் பாதிக் கதைதான் இருக்கிறது.

சரி, இனி உங்கள் முறை. 71-வது நிமிடம் கிரீஸ்மன் வெளியே, கோமான் உள்ளே. அதற்குப் பிறகான பிரான்ஸ் படத்தை நீங்களே வரைந்து, முன்னால் நிற்கும் நான்கு பேரை வட்டமிட்டுவிட்டு, நடுவில் எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.