ஜப்பானிய மொழியைத் தமிழை வைத்துப் படியுங்கள்

வேலைக்காக ஜப்பான் போகும் நம்மவர்களில் பலர் டோக்கியோவில் நிஷி-கசாய் பக்கம் வீடு பிடிக்கிறார்கள். அங்கே இட்லி அரிசி கிடைக்கும், இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கும், ஆபீஸில் இங்கிலீஷிலேயே காலம் ஓடிவிடும். வசதிதான். ஆனால் வருடக்கணக்காக அங்கே இருந்தும், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் பேச ஆள் தேடுகிறவர்கள் ஏராளம். அவர்கள் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டேன். தமிழைக் கையில் வைத்துக்கொண்டு ஜப்பானிய மொழியை இங்கிலீஷ் வழியாகப் படிக்கப் போய், பாதியில் அலுத்து விட்டவர்கள்தான் அதிகம்.

கிளம்புவதற்கு முன்பே ஹிராகனா, கதகனா என்ற இரண்டு எழுத்து வரிசைகளையும் முடித்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் அடிப்படை எழுத்துகள் 46தான். 247 எழுத்தைச் சின்ன வயதிலேயே உருப்போட்டவர்களுக்கு இது ஒரு பாரமே இல்லை. முதலில் அ, இ, உ, எ, ஒ என்று ஐந்து உயிர், அப்புறம் க வரிசை, ச வரிசை, த வரிசை, ந வரிசை என்று அட்டவணையும் பழகிய மாதிரியே போகும். புத்த பிக்குகள் படித்த சித்தம் என்ற இந்திய எழுத்துமுறையின் தாக்கத்தில் அமைந்த வரிசை அது. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ஜப்பானியச் சொற்களை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்வது. (நான் இங்கே எழுதியிருப்பதை அடையாளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.) 'கல்'லில் வரும் க-வும் 'தங்க'த்தில் வரும் க-வும் நமக்கு ஒரே எழுத்து. அங்கே இரண்டாவதற்கு மேலே இரண்டு சின்னக் கோடு போட்டுப் பிரித்துவிடுவார்கள், அர்த்தமும் மாறிவிடும்.

உச்சரிப்பில் நமக்கு இன்னொரு லாபம் உண்டு. 'ஒபசான்' என்றால் அத்தை அல்லது அக்கம்பக்கத்துப் பெண்மணி, 'ஒபாசான்' என்றால் பாட்டி. குறில் நெடில் வித்தியாசம் காதில் விழாத ஐரோப்பியர்கள் இதில் மாதக்கணக்கில் திண்டாடுவார்கள். 'கிதே', 'கித்தே' மாதிரி ஒற்று இரட்டிக்கும் இடங்களும் அப்படித்தான். முதலாவது 'வந்து', இரண்டாவது தபால்தலை. நாம் பட்டு/பாட்டு, படு/பட்டு என்று வளர்ந்தவர்கள்.

இலக்கணத்துக்கு வருவோம், விஷயமே இங்கேதான். வினை கடைசியில், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான். எனக்குப் பெரிதாகத் தெரிவது துணைவினைகள். 'தபேதே' என்றால் சாப்பிட்டு, 'மிரு' என்றால் பார். 'தபேதே மிரு' என்பது அச்சு அசலாக நம்முடைய 'சாப்பிட்டுப் பார்'. 'கத்தே' வாங்கி, 'ஒகு' வை, ஆக 'கத்தே ஒகு' என்றால் வாங்கி வைப்பது. 'கத்தே குரு' என்றால் வாங்கி வருவது. 'தபேதே இரு' என்றால் சாப்பிட்டுக்கொண்டு இருப்பது, அந்த 'இரு' கூட ஒலியில் ஒன்றாக இருப்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழியியலாளர் இரண்டு மொழிக்கும் உறவு உண்டென்று வாதாடினார், பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. அந்தப் பட்டிமன்றம் நமக்கு எதற்கு, அமைப்பு ஒத்துப்போகிறது, அது போதும். 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதை 'கினோ கத்தா ஹோன்' என்று சொல்லுக்குச் சொல் அப்படியே வைக்கலாம். இங்கிலீஷில் யோசித்தால் இதையே தலைகீழாகத் திருப்ப வேண்டும். அதனால் பாடப்புத்தகம் இங்கிலீஷில் இருந்தாலும், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் தமிழை எழுதுங்கள், அதுவும் வீட்டில் பேசுகிற தமிழாக.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் இருக்கின்றன. எழுவாய்க்குப் பின்னால் வரும் 'வா', 'கா' என்ற இரண்டு இடைச்சொற்களில் எப்போது எது என்பது பேசிப் பேசித்தான் படியும். பென்சிலை எண்ண ஒரு சொல், காகிதத்தை எண்ண ஒரு சொல், நாயை எண்ண ஒரு சொல். இதற்கெல்லாம் குறுக்கு வழி இல்லை.

'கன்ஜி' என்ற, சீனாவிலிருந்து வந்த எழுத்துகளைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுவார்கள். அன்றாட உபயோகத்துக்கு என்று அரசு வைத்திருக்கும் பட்டியலில் 2136 இருக்கின்றன. ஆனால் முதல் ஏழு எழுத்துகளை உங்கள் வீட்டுச் சுவரிலேயே படித்துவிடலாம், குப்பை எடுக்கும் நாள்காட்டியின் கிழமைப் பெயர்களிலிருந்து. ஞாயிறு சூரியன், திங்கள் நிலா, செவ்வாய் நெருப்பு, புதன் நீர், வியாழன் மரம், வெள்ளி உலோகம், சனி மண். நம் கிழமைகளின் அதே கிரக வரிசைதான். எரியும் குப்பை, பிளாஸ்டிக், பெட் பாட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கிழமை, பல ஊர்களில் காலை 8 மணிக்குள் வைத்தாக வேண்டும், சில ஊர்களில் நகராட்சி குறிப்பிட்ட பைதான் செல்லும். பிரிக்காமல் வைத்தால் ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள், தெருவே பார்க்கும். நம் வீடுகளுக்கு முக்கியமானது: வடை சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றாதீர்கள். அதைக் கெட்டியாக்கும் பொடி சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறது, கட்டியானதும் குப்பையில் போடலாம்.

வீடு அமைந்து 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அது சட்டம். போகிற போக்கில் அங்கேயே 'நிஹோங்கோ க்யோஷித்சு' பட்டியல் கேளுங்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், இல்லத்தரசிகள் எனத் தன்னார்வலர்கள் நடத்தும் மொழி வகுப்புகள் பெரும்பாலான பகுதிகளில் உண்டு, கட்டணம் இல்லை அல்லது சில நூறு யென்தான். காசு கொட்டிச் சேரும் ஆன்லைன் வகுப்பைவிட இதையே முதலில் சொல்வேன், குறிப்பாகக் கணவரின் விசாவில் வந்து நாள் முழுக்க வீட்டில் இருக்கும் பெண்களுக்கு. பாடம் மெதுவாகத்தான் போகும். ஆனால் பள்ளியிலிருந்து வரும் நோட்டீஸைப் படித்துச் சொல்லவும், நல்ல பல் டாக்டரைக் காட்டவும் ஆள் கிடைப்பது அங்கேதான். வீட்டில் உட்கார்ந்து படிக்க, ஜப்பான் ஃபவுண்டேஷன் இலவசமாக வெளியிட்டிருக்கும் 'இரோதோரி' பாடங்களை இறக்கிக்கொள்ளுங்கள், ஆடியோவும் சேர்ந்தே கிடைக்கும்.

ஆபீஸில் எதிராளி 'ஹாய், ஹாய்' என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கதை கேட்கும்போது நாம் 'ம்' கொட்டுவோமே, அதுதான் அது. நீங்களும் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் கவனிக்கவில்லை என்று நினைப்பார்கள். நம்மூர்த் தலையாட்டலை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள், சரி என்கிறோமா வேண்டாம் என்கிறோமா என்று அவர்களுக்குப் பிடிபடாது. 'சொத்தோ...' என்று இழுத்து நிறுத்தினால் முடியாது என்று அர்த்தம், மேற்கொண்டு காரணம் கேட்கக் கூடாது.

மரியாதைதான் நமக்கு நிஜமாகவே புரளும் இடம். நாம் யாரிடம் பேசினாலும் 'எங்க சார் வெளியே போயிருக்காங்க' என்போம். அங்கே வெளி ஆளிடம், அதாவது வாடிக்கையாளரிடம் பேசும்போது உங்கள் மேலாளரும் உங்கள் வீட்டு ஆள் கணக்கு. பேருக்குப் பின்னால் 'சான்' என்ற மரியாதை ஒட்டுப் போடாமல் 'தனகா இப்போது இருக்கையில் இல்லை' என்று பணிவு வினையில் சொல்ல வேண்டும், போனை வைத்துவிட்டு அவரிடம் திரும்பினால் மறுபடியும் 'தனகா-சான்'. முதலில் வாய் வராது. இன்னொன்று, 'நீங்கள்' என்பதற்கு 'அனதா' என்று பாடத்தில் இருந்தாலும் ஆபீஸில் அதைத் தவிர்த்து, பேரோடு 'சான்' சேர்த்தே கூப்பிடுங்கள்.

சைவக்காரர்களுக்குச் சாப்பாடு சோதனைதான். மிசோ சூப், உதோன் நூடுல்ஸ் குழம்பு எல்லாவற்றிலும் 'தஷி' என்ற அடிப்படைச் சாறு இருக்கும், பெரும்பாலும் 'கட்சுஓபுஷி' போட்டது, கிட்டத்தட்ட நம் மாசிக் கருவாட்டின் உறவு. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் இது தட்டில் வந்துவிடும். 'நிகு தோ சகனா வா தபேமசென், தஷி மோ தமே தேசு' (இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன், தஷியும் ஆகாது) என்று முழுசாகச் சொல்லுங்கள், அதையே ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது.

அப்புறம் ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வு. என்5-இல் தொடங்கி என்1 வரை ஐந்து படி, ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கும், சென்னையிலும் எழுதலாம். எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், பேச்சுத் தேர்வே கிடையாது, அதனால் என்2 வாங்கியும் போனில் பேசத் தயங்குகிறவர்கள் உண்டு. ஆனாலும் எழுதுங்கள். உயர்திறன் விசாவுக்கான புள்ளிக் கணக்கில் என்2-க்கு 10, என்1-க்கு 15 கிடைக்கும். மொத்தம் 80 இருந்தால் ஒரே வருடத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம். ஜப்பானில் எழுதுவதானால் ஜூலைத் தேர்வுக்கு மார்ச் நடுவிலேயே பதிவு தொடங்கிவிடும், ஏப்ரல் தொடக்கத்தில் மூடிவிடுவார்கள்.