பறவை பார்க்க முதல் பைனாகுலர் வாங்குவது எப்படி?

வேடந்தாங்கலுக்கு நான் முதன்முதலில் கொண்டுபோன பைனாகுலர், பொருட்காட்சிக் கடை ஒன்றில் பேரம் பேசி வாங்கியது. ‘20 மடங்கு ஸூம்’ என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. ஏரி நடுவே மரத்தில் உட்கார்ந்திருந்த நத்தைகுத்தி நாரை அதில் கொடியில் ஆடும் வேட்டி மாதிரிதான் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெரியவர், “இதுல பாருங்க தம்பி” என்று தன்னுடையதை நீட்டினார். நாரை அலகை மூடியிருந்தும் நடுவில் விழும் அந்த இடைவெளிகூடத் தெரிந்தது. அவருடையது வெறும் 8 மடங்கு.

1. எண்ணைப் படியுங்கள்

8×42 என்றால் 8 மடங்கு பெரிதாக்கும். முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மி.மீ. 80 மீட்டரில் இருக்கும் பறவை 10 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும், அவ்வளவுதான். மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடவே பெரிதாகும், பார்க்கும் வட்டமும் சுருங்கும். கிளைக்குக் கிளை தாவும் தேன்சிட்டை அந்தச் சின்ன வட்டத்துக்குள் பிடிப்பதற்குள் அது பறந்துவிடும். கையில் பிடித்துப் பார்க்க 10 மடங்குதான் எல்லை. புதியவர்களுக்கு என் ஓட்டு 8-க்குத்தான். மடங்கைக் கூட்டிக் குறைக்கும் ஸூம் மாடல் வேண்டவே வேண்டாம்.

2. ஒரு வகுத்தல் கணக்கு

42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டத்தின் அகலம் அத்தனை மி.மீ. நல்ல வெயிலில் நம் கண்ணின் பாப்பா 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும்; இருட்டில் விரியும். 8×25-இல் இந்தக் கணக்கு 3 சொச்சம்தான் வரும். சட்டைப்பைக்குள் அடங்கும், பகலுக்குப் போதும். ஆனால் பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பது விடிகிற நேரத்தில், அப்போது படம் மங்கும்.

3. உடம்பு எப்படி?

பிரிசம் என்பது உள்ளே ஒளியைத் திருப்பி, படத்தை நிமிர்த்திக் காட்டும் கண்ணாடிக் கட்டி. நேர்க்குழாய் மாதிரி ஒல்லியாக இருப்பது ரூஃப் பிரிசம். தோள் அகன்று இருப்பது போரோ பிரிசம். கையில் காசு குறைவென்றால் போரோ வாங்குங்கள், அதே விலையில் படம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மழை, தூசி என்று அலைபவர்களுக்கு நீர்புகாத ரூஃப் நல்லது.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ‘ஐ ரிலீஃப்’ (முழு வட்டமும் தெரியும்படி கண் வைக்கும் லென்ஸிலிருந்து கண் தள்ளி இருக்கக்கூடிய தூரம்) 15 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். குறைந்தால் வட்டத்தின் ஓரம் வெட்டுப்படும்.

4. கடையில் செய்ய வேண்டியவை

கடைக்குள் நின்று சுவரைப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். வாசலுக்கு வாருங்கள். வெளிர்வானத்துக்கு எதிரே ஓடும் மின்கம்பியைப் பாருங்கள்: கம்பியோரம் ஊதா நிறம் பட்டையாகக் கசிந்தால் லென்ஸ் சுமார் ரகம். கம்பி இரண்டாகத் தெரிந்தாலோ, கொஞ்ச நேரத்தில் கண் இழுத்தாலோ உள்ளே பிரிசம் நகர்ந்திருக்கலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், வானத்தை நோக்கிக் கையை நீட்டிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு சிறிய ஒளிவட்டங்கள் தெரியும். முழு வட்டமாக இருக்க வேண்டும், ஓரம் சதுரமாக மழுங்கியிருந்தால் பிரிசத்தில் சிக்கனம் செய்திருக்கிறார்கள். இதையெல்லாம் செய்யும்போது சூரியன் பக்கம் மட்டும் திரும்பிவிடாதீர்கள், கண் போய்விடும்.

5. உங்கள் கண்ணுக்குத் திருத்துங்கள்

பலர் விட்டுவிடும் படி இது. முதலில் நடுவில் மடக்கி, இரண்டு வட்டமும் ஒன்றாகும்வரை அகலத்தைச் சரிசெய்யுங்கள். வலது முன்லென்ஸை உள்ளங்கையால் மூடி, இடது கண்ணுக்குத் தெளிவாகும்வரை நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு இடதை மூடி, அதே பொருளைப் பார்த்தபடி, சக்கரத்தைத் தொடாமல், வலது கண் பக்கம் உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். (சில மாடல்களில் இந்த வளையம் வேறு இடத்தில் இருக்கும்.) சரி, இனிமேல் நடுச் சக்கரம் மட்டும் போதும்.

வீட்டில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு லென்ஸில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும்.

6. பறவையைப் பிடிப்பது

பறவையிடமிருந்து பார்வையை எடுக்காமல் பைனாகுலரை மட்டும் கண்ணுக்குத் தூக்க வேண்டும். கீழே குனிந்து பார்த்தீர்களோ, பறவை தொலைந்தது. மொட்டைமாடியில் காக்கையை வைத்துப் பழகுங்கள். அது பாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, உங்களையே திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்.