தர்மம் செய்யக் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

படைப்பு (வீட்டு முன்னோர்களுக்குப் படைக்கும் கும்பிடு), அறுபதாம் கல்யாணம் என்று காரைக்குடிப் பக்கம் வருகிற வெளியூர்ப் பிள்ளைகள் "யாருக்காவது ஏதாவது செய்யணும்ண்ணே" என்று கேட்டு வரும்போது மனசுக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அப்புறம் அவர்கள் போய்ச் செய்வதைப் பார்த்தால், எங்கள் காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்து. போலி ரசீது, ஓடிபி சமாசாரமெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் நான் போகவில்லை.

கோயில் வாசலில் பர்ஸைத் திறப்பது

பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி அன்று நின்று பாருங்கள். பாவம் என்று ஒரு பாட்டியிடம் நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார்கள், அடுத்த நிமிடம் சுற்றி ஒரு கூட்டம், சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள் என்று எரிச்சல்பட்டுக் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சில்லறை மாற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாமி கும்பிட்டுத் திரும்பும்போது ஒரு ஓரத்திலிருந்து கொடுத்துக்கொண்டே நடந்தால் இந்த வம்பே இல்லை. இன்னொன்று, பத்து ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு "வேலைக்குப் போனா என்ன, குடிப்பியா?" என்று விசாரணை நடத்துவது. கொடுப்பதானால் கொடுங்கள், இல்லையென்றால் பேசாமல் நடங்கள்.

குழந்தை கையில் காசு

கூடவே கூடாது. பிள்ளைகளைப் பிச்சை எடுக்க விடுகிறவர்களுக்கு 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுங்கள்.

பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவது

இதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை. தேவகோட்டை பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு தங்கள் ஐயா (தாத்தா) நினைவாகக் குடிதண்ணீர் மெஷின் கொடுத்தார்கள், பேரன்களெல்லாம் வெளிநாட்டில். மாலை, ரிப்பன், சுவரில் கருப்புக் கிரானைட்டில் பெயர்ப்பலகை எல்லாம் ஜோர். அடுத்த கோடைக்குள் ஃபில்டர் அடைத்து, தண்ணீர் நூல் மாதிரி வந்து, அப்புறம் அதுவும் நின்றது. தலைமையாசிரியர் ஃபில்டர் மாற்றக் காசு கேட்டபோது "அதான் மெஷினே வாங்கிக் கொடுத்தாச்சே சார்" என்று பதில். மெஷின் மேல் துடைப்பமும் உடைந்த கிரிக்கெட் மட்டையும் உட்கார்ந்துகொண்டன, பிள்ளைகள் பழையபடி தொட்டித் தண்ணீருக்குப் போய்விட்டார்கள். அத்தோடு விட்டதா? இன்னொரு வீட்டார் வந்து, பழையதைப் பழுது பார்க்கச் சொன்னால் கேட்காமல், பக்கத்திலேயே புது மெஷின் வைத்தார்கள். பழுது பார்த்தால் பெயர்ப்பலகை வைக்க முடியாதில்லையா! வருஷத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் விஷயம் இது.

நம் செட்டிநாட்டு நகரத்தார் பெரியவர்கள் இப்படிச் செய்யவில்லை. காசி விசுவநாதருக்குப் பூ கொடுக்க நினைத்தவர்கள், பூவுக்காகக் காசியிலேயே நந்தவனம் வாங்கிப் போட்டார்கள். 1863இல் அங்கே தொடங்கிய நகரச் சத்திரம் இன்றும் நடக்கிறது. காரைக்குடிக்கு மின்வேதியியல் ஆய்வகம் வரவேண்டும் என்றபோது வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தோடு நிற்காமல் 15 லட்சம் ரூபாயும் சேர்த்துக் கொடுத்தார். கோயில் கட்டளைக்கு வயலையோ கடை வாடகையையோ எழுதிவைத்ததும் இதே யோசனையில்தான், நாளைக்கு விளக்குக்கு எண்ணெய் யார் ஊற்றுவது என்ற கேள்விக்கு அன்றைக்கே பதில் வைத்துவிட்டார்கள்.

எனவே கொடுக்குமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: வருஷச் செலவு எவ்வளவு, அதை யார் கட்டுகிறார்கள்? ஒரு லட்சம் இருந்தால் பாதிக்குப் பொருள் வாங்குங்கள், மீதியை அந்த நிறுவனத்தின் பெயரிலேயே வங்கியில் போட்டு வட்டியைப் பராமரிப்புக்கு என்று எழுதிக் கொடுங்கள். முதியோர் இல்லமானாலும் இதே கதைதான். பிறந்தநாள் பாயசம் போட ஆள் வரிசையில் நிற்கிறது, சமையல்காரம்மா சம்பளத்தையும் கரண்ட் பில்லையும் கட்ட ஒருத்தரும் வருவதில்லை. நான் கேட்டுப் பார்த்தவரை எல்லாருக்கும் இலை போடத்தான் ஆசை.

வாட்ஸ்அப்பில் வரும் ஆபரேஷன் செலவு

ஆஸ்பத்திரிக் கணக்குக்கே நேராக அனுப்புங்கள், படத்தில் இருக்கிற யாரோ ஒருவரின் ஜிபே நம்பருக்கு வேண்டாம். அதற்கு முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, விண்ணப்பித்தார்களா என்று கேளுங்கள். பல வீடுகளில் அந்தப் பதற்றத்தில் இது ஞாபகத்துக்கே வராது.

போட்டோ

வேண்டாம்.

வரிக்கணக்கைக் கடைசியில் பார்ப்பது

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி என்று சொல்லிவந்த நன்கொடை வரிச் சலுகை கிடையாது. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. பழைய முறையில் இருந்தால் வெறும் ரசீது போதாது, 10பிஇ என்று சொல்லிவந்த நன்கொடைச் சான்றிதழை அந்த நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள்.

மிச்சம் இருந்தால் கொடுக்கலாம் என்பது

மிச்சம் இருக்கவே இருக்காது. அந்தக் காலத்தில் கடைக் கணக்கில் மகமையை, அதாவது தர்மத்துக்கான பங்கை, தனியாக எடுத்துவைத்த மாதிரி, சம்பளம் வந்த அன்றே ஒரு தொகையைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். கேட்டு வருகிறவரிடம் "இந்த மாசத்துக்குத் தீர்ந்துபோச்சு, அடுத்த மாசம் வாங்க" என்று சொல்லவும் அப்போதுதான் வாய் வரும்.