காய்ச்சினால் ஃபுளோரைடு போகுமா? வகுப்பில் வீடியோ காட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தர்மபுரி மாவட்டம் பென்னாகரத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில் மாலை நேரப் படிப்பு மையத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஒரு நாள் ஃபுளோரைடு பற்றி நான்கு நிமிட வீடியோ ஒன்றைப் போட்டேன். குறை சொல்ல முடியாத வீடியோ. பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் கலப்பது, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பல்லும் எலும்பும் பாதிக்கப்படுவது எல்லாம் படத்தோடு வந்தன. முடிந்ததும், “புரிந்ததா?” என்று கேட்டேன். “புரிந்தது சார்” என்று கூரை அதிர்ந்தது.

“சரி, வீட்டில் போர்வெல் தண்ணீர்தான் வருகிறது. என்ன செய்வீர்கள்?”

“காய்ச்சிக் குடிப்போம் சார்.”

ஒருவர் இருவர் அல்ல, முக்கால்வாசிப் பேர் சொன்ன பதில் அது. காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு உயிர் இல்லாத உப்பு, அது சாகாது. நீர் ஆவியாகப் போகப் போக, மிஞ்சிய நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். அந்த வீடியோ காய்ச்சுவதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கெட்ட தண்ணீர் என்றால் காய்ச்ச வேண்டும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், வீடியோ முடிந்த பிறகும் அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதை ஆராய்ந்து பார்த்தவர் ஒருவர் உண்டு. பின்னாளில் வெரிடாசியம் என்ற யூடியூப் சேனலால் பெயர் பெற்ற டெரிக் முல்லர், சிட்னி பல்கலைக்கழகத்தில் 2008இல் முடித்த முனைவர் பட்ட ஆய்வில் இயற்பியல் வீடியோக்களை மாணவர்களுக்குக் காட்டிச் சோதித்தார். தெளிவாக விளக்கிய வீடியோவைப் பார்த்தவர்கள் அது தெளிவாக இருந்தது என்று பாராட்டினார்கள்; ஆனால் தேர்வு மதிப்பெண் பெரிதாக உயரவில்லை. மாணவர்களிடம் பொதுவாக உள்ள தவறான எண்ணங்களை முதலில் பேசவிட்டு, பிறகு திருத்திய வீடியோவைப் பார்த்தவர்கள் குழப்பமாக இருந்தது என்றார்கள். அவர்கள்தான் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். கண்ணுக்குச் சுகமாக ஓடும் வீடியோவில் பிள்ளை தனக்கு ஏற்கெனவே தெரிந்ததையே பார்க்கிறது. தன் எண்ணத்துக்கும் திரைக்கும் நடுவே முரண்பாடு இருப்பது அதற்குத் தெரிவதில்லை.

ஆகவே என் கணக்கில் முதல் தவறு, கேள்வி கேட்காமல் வீடியோவை ஓட்டுவது. இப்போது முதலில் பலகையில் கேள்வியை எழுதுகிறேன்: ஃபுளோரைடை எப்படிப் போக்கலாம்? காய்ச்சுவது, துணியில் வடிகட்டுவது, படிகாரம் போடுவது, பானையில் ஊற்றித் தெளியவிடுவது. ஒவ்வொன்றுக்கும் கை தூக்கச் சொல்லி எண்ணிக்கையைச் சாக்பீஸால் எழுதிவிடுவேன். தன் கை எதற்குத் தூக்கியது என்று தெரிந்த பிள்ளை வீடியோவை வேறு கண்ணோடு பார்க்கும்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வீடியோவை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் அடுப்பு கேட்டு வாங்கி, ஒரு சொம்பு தண்ணீரில் உப்பைக் கரைத்து ஒரு டம்ளர் தனியே எடுத்துவைத்தோம். மீதியைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி ஆறவைத்தோம். பிறகு ஆளுக்கு இரண்டு சொட்டு, முதலில் காய்ச்சாதது, அடுத்து காய்ச்சியது. இரண்டாவது சொட்டு நாக்கில் பட்டதும் முகத்தைச் சுளித்த ஒரு பையன், “கூடிப்போச்சு” என்றான். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் மிச்சம் இல்லை.

அதே வீடியோவில் இன்னொரு பிழையும் செய்தேன், அது இன்றும் உறுத்துகிறது. முன்கூட்டி முழுதாகப் பார்க்கவில்லை. நடுவில் பழுப்புக் கறை படிந்த பற்கள் திரை நிறைய வந்தன. முன்வரிசையில் ஒரு சிறுமி கையால் வாயை மூடிக்கொண்டாள். தர்மபுரிப் பக்கம் இப்படி ஒரு படத்தைக் காட்டினால் வகுப்பில் யாருடைய பல்லையோ காட்டுகிறோம் என்று பொருள். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரால் வருவது அந்தக் கறை. பல் தேய்க்காததால் வருவதல்ல. இதை வீடியோவுக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) குறைப்பு என்ற சொல் சேர்ந்திருப்பதையும், இது ஒரு வீட்டின் கதையல்ல, தர்மபுரி, கிருஷ்ணகிரி என்ற இரண்டு மாவட்டங்களின் கதை என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கலாம்.

நீளம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். எட்எக்ஸ் இணையப் பாடங்களில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வு, வீடியோ எவ்வளவு நீளமானாலும் பார்ப்பவர் நிலைப்பது பெரும்பாலும் ஆறு நிமிடத்துக்குள்தான் என்றது. அது தனியே உட்கார்ந்து கணினியில் படித்தவர்களைப் பற்றியது, நாற்பது பேர் வகுப்பைப் பற்றியது அல்ல. இருந்தாலும் அளவு சரிதான். ஆனால் ஐந்து நிமிட வீடியோ மூன்றை அடுத்தடுத்து ஓட்டுவது பதினைந்து நிமிட வீடியோவை ஓட்டுவதுதான். நடுவில் நிறுத்தி, “அடுத்து என்ன ஆகும்?” என்று கேட்கும் இடத்தை முன்பே குறித்துவைக்காதவர் வீடியோ போடுவதைவிட அந்த நேரத்தில் கதை சொல்லலாம்.

வரைபட அசைவுகள் அறிவியல் வீடியோக்களின் பலம். பொய்யும் அங்கேதான் நுழைகிறது. 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியதை நேரலையில் பார்த்த பிள்ளைகள் பலர், நிலவில் யாரோ நின்று படம் பிடித்தார்கள் என்றே நினைத்திருந்தார்கள். அது தரவுகளை வைத்துக் கணினி வரைந்த காட்சி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சூரியக் குடும்ப வீடியோக்கள் இன்னும் மோசம், எல்லாக் கோளும் ஒரே திரையில் அடங்கிவிடும். பூமியை இரண்டு மில்லிமீட்டர்க் கடுகாக வைத்தால் சூரியன் கால்பந்து அளவு. இரண்டுக்கும் இடைவெளி சுமார் 24 மீட்டர். பந்தை வாசலில் வைத்துவிட்டு, கையில் கடுகோடு ஒரு பிள்ளையைத் தெருவில் நடக்கவிடுங்கள். திரும்பிப் பார்க்கும்போது அதன் முகத்தில் தெரிவதை எந்த வீடியோவும் தராது.

வரலாற்றில் நான் செய்த முட்டாள்தனம், மாண்ட வீரர்களுக்கு நட்ட கற்களைப் பற்றிய நடுகல் பாடம். வேறு மாவட்டத்து நடுகற்களைப் பற்றிய வீடியோவைப் போட்டு, வீரர், ஆநிரை, வட்டெழுத்து என்று ஐந்து நிமிடம் ஓட்டினேன். ஒருவனும் வாய் திறக்கவில்லை. மறுநாள் போகிற வழியில்தான் உறைத்தது: ஊர் எல்லையில் இவர்கள் பொங்கல் வைக்கும் வேடியப்பன் கல்லே நடுகல்தான். வில்லேந்திய வீரன் அதில் நிற்கிறான். ‘நடுகல்’ என்ற சொல்லுக்கும் ‘வேடியப்பன்’ என்ற சொல்லுக்கும் நடுவே பாலம் போட்டிருந்தால் வீடியோவே தேவைப்பட்டிருக்காது. நடந்து போய்ப் பார்க்கக்கூடியதற்குத் திரை போடாதீர்கள். தர்மபுரி அருங்காட்சியகம் பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரம்.

இன்னொன்று, வேடப் பொருத்தம். தகடூரை (இன்றைய தர்மபுரி) ஆண்ட அதியமான் வீடியோவில் நெல்லிக்கனி வாங்கும் ஔவை தடியூன்றிய பாட்டியாக வருவார். ஆத்திசூடி பாடிய ஔவை பிற்காலத்தவர், சங்ககால ஔவை வேறு என்பதே அறிஞர் பெரும்பாலோர் கருத்து. புறநானூற்றின் 89ஆம் பாட்டில் இந்த ஔவையை மைதீட்டிய கண்ணுடைய இளம் விறலியாகவே (ஆடிப்பாடும் பெண்ணாகவே) பகையரசன் விளிக்கிறான். இப்போது செயற்கை நுண்ணறிவு வரைந்த படங்களும் கூடிவிட்டதால், சங்க மன்னனுக்குப் பின்னால் மைசூர் அரண்மனை போன்ற மாளிகை எழுந்து நிற்கிறது. பிள்ளை மறப்பது சொல்லை, படத்தை அல்ல. ‘இந்தப் படத்துக்கு ஆதாரம் எது?’ என்று கேட்கும் பழக்கத்தை வரலாற்று வகுப்பில்தான் கொண்டுவர முடியும்.

நடப்பு நிகழ்வுகளில் தவறுகள் இன்னும் எளிமையானவை, ஆனால் விலை அதிகம். குரூப் 4 எழுதும் இளைஞர்களும் எங்கள் மையத்தில் வந்து உட்காருவார்கள். அவர்கள் போனில் இன்னும், தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்று சொல்லும் வீடியோக்கள் ஓடுகின்றன, 2020இலிருந்து 38. கொலைக்குத் தண்டனை எந்தப் பிரிவு என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302 என்று சட்டென வரும். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது, அதில் அது 103. வீடியோ எப்போது எடுத்தது என்று பார்க்காமல் குறிப்பெடுப்பது பழைய பஸ் டைம்டேபிளை வைத்து ஸ்டாண்டில் நிற்பதைப் போன்றது.

நம் கிருஷ்ணகிரி மயிலாடும்பாறையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கிடைத்த இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் முதலமைச்சர் அறிவித்தபோது, அதுதான் பழமையானது என்று நூறு வீடியோ வந்தது. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டச் சிவகளைக்கு கி.மு. 3345 என்ற காலம் அறிவிக்கப்பட்டது. பழைய வீடியோக்கள் அப்படியே கிடக்கின்றன. அவை பொய் சொல்லவில்லை, தேதி மாறிவிட்டது, அவ்வளவுதான். இதில் இன்னொரு சிறு கண்ணி: ‘4200 ஆண்டுகளுக்கு முன்’ என்பதைக் காதில் வாங்கி, ‘கி.மு. 4200’ என்று எழுதுகிறார்கள். எண் வரும் இடத்தில் வீடியோவை நிறுத்திப் பலகையில் கழித்துக் காட்டுங்கள்.

மழைக்காலத்தில் பழைய வெள்ள வீடியோ புதுத் தேதியோடு சுற்றுவது எல்லோரும் பார்த்ததுதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது வண்டிகள் அடித்துச் செல்லப்பட்ட காட்சி உண்மை. அதையே அடுத்த ஆண்டு ‘இன்று காலை’ என்று போட்டால் பொய்.

மற்றவை சுருக்கமாக. விளம்பரம் குறுக்கே வரும், அதிலும் சூதாட்ட விளம்பரம் வரும். வீடியோவை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலைக் கிராமங்களில் சிக்னலை நம்பினால் வட்டம்தான் சுற்றும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் நிறைய. வேகமான தமிழ் விளக்கம் அவர்களைத் தாண்டிப் போகும். நான் பல நேரம் ஒலியை அணைத்துவிட்டு நானே பேசுகிறேன். வீட்டுப்பாடமாக வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புவதையும் விட்டுவிட்டேன். போன் அப்பாவோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறது.

ஒரு வாரம் கழித்து, வீடியோ இல்லாமல், அதே ஃபுளோரைடு கேள்வியை மறுபடி கேட்டேன். மீண்டும் பார்ப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் நிலைக்கும். வாயை மூடிக்கொண்ட அந்தச் சிறுமிதான் எழுந்தாள். வீட்டில் ஆயாவுக்கு உப்புத் தண்ணீரைக் காய்ச்சிக் காட்டினாளாம். ருசி பார்த்த ஆயா, “உப்பு நாக்குக்குத் தெரிகிறது. நீ சொல்கிற அது தெரியுமா?” என்று கேட்டாராம்.

தெரியாது. ஃபுளோரைடுக்குச் சுவை இல்லை, நிறமும் இல்லை, பரிசோதித்தால்தான் தெரியும். அடுத்த வகுப்புக்கு ஆயாவின் கேள்வியைத்தான் பலகையில் எழுதியிருக்கிறேன்.